உமிக்கணக்கு

கார்த்திகையின் கடைசி மழையன்று
பதினான்கு முட்டையில் பதினொன்று பொரித்தது.
புதுவயல் அரிசி மில்லில் கணக்கெழுதுகிறவன் நான்.
நாள்காட்டியின் பின்பக்கம்
வரவு 11 என்று எழுதினேன்.
கூமுட்டை மூன்றையும்
மாதுளைக்கடியில் புதைத்துவிட்டு வந்த உண்ணாமலை
'எழுதினா கண்ணு படும்' என்றாள்.

கூண்டுக்குத் தரை நான் போட்டதுதான்.
ஆத்தங்குடியில் கழித்த உடைசல் கல்,
சாக்கு எண்பது ரூபாய்.
பூவுக்குப் பூ பொருந்தாமல்
பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு.
கழுவ வசதி, பார்க்கவும் லட்சணம்.
சித்திரையில் வெறுங்காலோடு நின்றால்
உச்சிவரை குளிரும் கல்
மார்கழியில் என்ன செய்யுமென்று
ஏன் எனக்குத் தோன்றவில்லை?

பனி இறங்கிய முதல் விடியலில்
சிவப்புக் கட்டத்தில் மூன்று கிடந்தன,
பச்சையில் ஒன்று.
மிச்சம் ஏழையும் இறக்கைக்குள் திணித்துக்கொண்டு
தாய்க்கோழி என்னைப் பார்த்தது,
வட்டிக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல.

மில்லிலிருந்து உமி இரண்டு மூட்டை கொண்டுவந்தேன்.
'எதுக்குண்ணே, அடுப்புக்கா?'
'தரைக்கு.'
நாலு விரற்கடை பரப்பியதும்
என் பூக்கள் எல்லாம் மறைந்துபோயின.
உண்ணாமலை ஒன்றும் சொல்லவில்லை,
சொன்ன மாதிரிதான் இருந்தது.

அப்புறம் விளக்கு.
கடைக்குக் கடை எல்ஈடி.
'ஒம்போது வாட்ஸ்தான், சூடே ஆகாது.'
சூடு ஆகணும் தம்பி,
எனக்கு வெளிச்சம் வேண்டாம், சூடுதான் வேணும்.
காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெருவில்
பீங்கான் ஜாடிக்கும் பர்மாப் பெட்டிக்கும் நடுவே
அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று
பஞ்சில் படுத்திருந்தது.
இருநூறு சொன்னான்.
கோழிக்கு என்றதும்
சிரித்தபடி நூற்றைம்பதுக்குத் தந்தான்.

ஐந்து இரவு எரிந்தது.
ஆறாம் இரவு ஒன்றரைக்கு மின்சாரம் போனது.
இட்லிச் சட்டியில் வெந்நீர் காய்ச்சி
பாட்டிலில் ஊற்றி, பாட்டிலை என் சாக்ஸுக்குள் நுழைத்து
உமிக்குள் புதைத்தேன்.
ஆறினால் மறுபடி காய்ச்சினேன்.
விடிந்தபோது ஏழும் இருந்தன.
எழுதவில்லை.

எழுதாமலே வந்தது வெள்ளைக்கழிச்சல்.
முதலில் பக்கத்து ரஹ்மத்தக்கா வீட்டில், பிறகு இங்கே.
கண்ணில் விடுகிற சொட்டு மருந்துக்கு
'திங்கக்கிழமை வாங்க' என்று
கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லி
இரண்டு திங்கள் ஆகியிருந்தது.
தாய் போனது.
குஞ்சு நான்கு, கழுத்துத் திருகி
வானத்தைப் பார்த்தபடியே போயின.
சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும்
அரைத்து உருட்டி ஊட்டினாள் உண்ணாமலை.
அதனால் பிழைத்ததோ, அதுவாகப் பிழைத்ததோ,
மூன்று.

அதில் ஒன்று மொட்டைக்கழுத்து.
பொரித்த அன்றே
'இதுதான் முதல்ல போகும்' என்று
நான் விரல் நீட்டியது.

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
எங்கள் கூண்டுக்கு மச்சு ஏது, தகரம்தான்.
அந்தத் தகரம் சொட்டுகிற காலையில்
மொட்டைக்கழுத்து உமியைக் கிளறி
என் சாக்ஸை வெளியே இழுத்துப் போட்டு
அதன்மேல் ஏறி நின்று
பழகாத தொண்டையால்
துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம் போட்டது.
'சேவலா! முட்டைக்கு ஆகாது' என்றேன்.
'கத்திக்கும் ஆகாது' என்றாள் உண்ணாமலை,
என் முகத்தைப் பார்க்காமல்.

நாள்காட்டி எங்கே என்று தேடினேன்.
வருஷம் மாறியதும்
மாவு டப்பாவுக்கு மூடியாகியிருந்தது.
11 மட்டும் தெரிந்தது,
அதன்மேல் எண்ணெய்க் கறை.

ரஹ்மத்தக்கா வீட்டில் தப்பிய ஒரே பெட்டை
அடை கேட்கிறதாம்.
அது இட்ட ஒன்பது முட்டை
எங்கள் அரிசிப் பானைக்குள் இருக்கிறது.
எப்போது வந்தது, யார் வைத்தது,
நான் கேட்கவில்லை.
சைக்கிளை எடுத்தேன்,
உமிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.